பணம் கட்டாத வீடு

எண் 44, தாமான் மெலூர்,
புக்கிட் செலம்பாவ்.
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி புவனேஸ்வரன்,

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுகிற காலமும் வந்துவிட்டது. குடியிருப்பாளர் சங்கத்தின் வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர். மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பேசலாம் என்றால், லோரிகளோடு நீர் அலைகிற அலைச்சலில் எப்போது வீட்டில் இருக்கிறீர் என்பது எனக்குப் பிடிபடவில்லை. உம் மனைவி ஷாமளாவிடம் சொல்லி அனுப்பலாம்தான். சனிக்கிழமை தவறாமல் பின்சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து என் தர்மினியிடம் பிரஷர் பார்த்துக்கொண்டு போகிறாள். நம்முடைய வழக்கில் பெண்களை இழுக்க வேண்டாம் என்றுதான் உம்முடைய தபால் பெட்டியில் போடுகிறேன்.

சங்கத்தின் சுற்றறிக்கை கிடைத்தது. மாதம் அறுபது வெள்ளி கட்டினால் காவலாளி, தாமான் வாசலில் தானாகத் திறக்கும் தடுப்புக் கம்பம், அதற்கு ஓர் அட்டை. நல்லது. பின்பக்கச் சாலையைப் பீப்பாய்களில் சிமெண்ட் ஊற்றி அடைத்திருக்கிறீர்கள். அந்தச் சாலை யாருடையது என்று சங்கம் யோசித்ததா? நகராண்மைக் கழகத்தின் வீட்டு வரிப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அது பொதுச் சாலை. நீரும் நானும், இந்தத் தாமான் குடியிருப்புக்குள் ஒருநாளும் காலடி வைக்காத யாரோ ஒருவரும் வரி கட்டிப் போட்ட சாலை.

அறுபது வெள்ளியை நான் கட்டப் போவதில்லை. கையில் இல்லாமல் இல்லை. அரையாண்டுக்கு ஒரு தரம் வீட்டு வரி கட்டுகிறேன். அதே வேலைக்கு மறுபடி எதற்குக் கட்ட வேண்டும்? தெரு விளக்கு எரியவில்லையென்றால் கழகத்தின் கழுத்தைப் பிடித்து உலுக்குவோம். அதை விட்டுவிட்டு நாமே ஒரு குட்டி அரசாங்கம் நடத்தத் தொடங்கினால், கட்டக் கூடியவனுக்கு ஒரு தெரு, முடியாதவனுக்கு ஒரு தெரு என்றாகிவிடும். கடைசி வரிசையில் மருதம்மாள் இருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள். அவள் எங்கே போவாள்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். நீர் நல்லது நினைத்துத்தான் செய்கிறீர் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
கிருபாநந்தன்

◆

எண் 42
12 மார்ச் 2025

கிருபா அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து வீடாக இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பீர்கள், தெரியும். குழுவிலிருந்து நீக்கியது உண்மை. ஒரே நாளில் பதினேழு செய்தி போட்டீர்கள், பதினேழும் சட்டப் பிரிவு. காலை வணக்கம் போடக்கூட இடம் இல்லை என்று ஜனங்கள் என்னிடம் வந்து அழுதார்கள்.

கழகத்தின் கழுத்தைப் பிடிக்கலாம் என்கிறீர்கள். நான் நாலு தடவை நேரில் போனேன் அண்ணே. நாலு தடவையும் எண் சீட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். எட்டு மாதம் தெரு இருட்டு. மூன்று வீட்டில் திருடு போனது. காளிதாசன் மனைவி கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. சங்கம் தொடங்கி இரண்டு மாதத்தில் விளக்கு எரிகிறது, யாரும் மதில் ஏறிக் குதிக்கவில்லை. காசு கொடுத்தோம், வேலை நடந்தது. பிடிக்காவிட்டால் காவல் கம்பெனியை மாற்றிக்கொள்வோம். நகராண்மைக் கழகத்தை நான் மாற்ற முடியுமா?

அரசாங்கத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற நம்பிக்கைக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. உங்கள் அப்பா வல்லிபுரம் ஐயா அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி. குடியிருக்க வீடு, போக வர ரயில் பாஸ், செத்த பிறகும் அம்மாவுக்குப் பென்சன். நீங்களும் அந்த வழி. தர்மினி அக்கா அரசாங்க நர்ஸ். மாதம் பிறந்தால் அரசாங்கம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

நான் பிறந்த தோட்டத்துக்கு அது வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா முனியாண்டி செம்பனைக் குலை வெட்டும்போது அரிவாள் நழுவித் தொடையில் இறங்கிவிட்டது. அம்மா ராக்காயி தன் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் கேட்டதற்கு, இது கம்பெனிச் சாலை, அரசாங்க வண்டி உள்ளே வராது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் தோட்டத்துத் துரையின் ஜீப்பில் போட்டுக் கொண்டுபோனோம். அப்பா பிழைத்தார். அரசாங்கத்தால் அல்ல, ஜீப்பால். அதே அப்பா சாகிற வரைக்கும் வாங்கிய ஒவ்வொரு சிகரெட்டுக்கும் வரி கட்டினார். அந்த வரி எந்த ஊரில் என்னவாக முளைத்தது என்று அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன். என் காசு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். கட்டுகிறவனுக்குச் சேவை, இதில் ஒளிவு மறைவு இல்லை. மருதம்மாள் அக்காவின் பங்கை நான் போட்டுக்கொள்கிறேன். அது என் இஷ்டம். யாரும் சட்டம் போட்டு என்னிடம் பிடுங்க வேண்டியதில்லை.

நீங்களும் கட்டிவிடுங்கள் அண்ணே. உங்களுக்காக நான் கட்டினால் நன்றாக இருக்காது.

புவனேஸ்வரன்

◆

எண் 44
20 மார்ச் 2025

தம்பி புவனேஸ்வரன்,

உம்முடைய அப்பாவின் கதையைத் தர்மினிக்கும் வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். எனக்கும் மனம் கனத்தது. ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குத் துரை ஊரில் இல்லாவிட்டால்? இருந்தும் மனம் வராவிட்டால்? அந்த ஜீப் உம்முடைய அப்பாவுக்கு உரியதா, துரை இரங்கிக் கொடுத்ததா?

தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் கம்பெனியுடையது. விளக்கு, கிளினிக், சாலை எல்லாம் கம்பெனியுடையது. அரசாங்கம் தலையிடாத இடம், நீர் கேட்கிற மாதிரியே. அது அவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் நீர் அங்கேயே இருந்திருக்கலாமே. அரசாங்கம் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்டுச் சண்டை போட வேண்டும். வரவே வேண்டாம் என்று சொல்லி வாசலை அடைப்பது என்ன நியாயம்?

இப்போது நீர் என்ன செய்து வைத்திருக்கிறீர் என்று கொஞ்சம் தள்ளி நின்று பாரும். நுழைகிற இடத்தில் கம்பம். பக்கத்தில் காவல். உள்ளே வர அனுமதி. இரக்கப்பட்டு ஒரு மருதம்மாளுக்குச் சலுகை. துரைமார் எல்லாரும் போன பிறகு நீர் ஒரு தோட்டத்தைக் கட்டியிருக்கிறீர், தம்பி. தலையில் தொப்பி ஒன்றுதான் குறை.

கிருபாநந்தன்

◆

தாமான் மெலூர் குடியிருப்பாளர் சங்கம்
23 மார்ச் 2025

44-ஆம் எண் வீட்டாருக்கு,

நேற்றுக் கூடிய செயற்குழுவின் முடிவைத் தெரிவிக்கிறேன். பணம் கட்டாத வீடுகளின் எண்கள் காவல் சாவடியில் ஒட்டப்படும். அந்த வீட்டாருக்கு அட்டை இல்லை. அவர்களும் அவர்களைப் பார்க்க வருகிறவர்களும் இடப்பக்க வழியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கம்பத்தைத் தாங்களே தூக்கிக்கொள்ள வேண்டும். காவலாளி உதவமாட்டார். பார்க்க வருகிறவர்கள் அடையாள அட்டையைக் கொடுத்துப் பெயர் பதிய வேண்டும். ஏதாவது தகராறு என்றால் காவலாளி தலைவருக்குப் போன் செய்வார், தலைவர் சொல்வதே முடிவு.

தலைவராக எழுதியது இவ்வளவு. இனி எழுதுவது நான்.

என் அப்பா துரை பங்களாவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் கிராணிகளாக உள்ளே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துத் தொப்பி என்று சொல்ல உங்களுக்கு வாய் கூசவில்லை. இனிமேல் என்னைத் தம்பி என்று எழுத வேண்டாம்.

எஸ். எம். புவனேஸ்வரன், தலைவர்

◆

எண் 44
4 மே 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

ஆறு வாரமாக நான் என் கையாலேயே கம்பத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். போன வியாழன் அடை மழை. கார் கதவைத் திறந்து, குடையை விரித்து, கம்பத்தைத் தூக்கி, காரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கம்பத்தை இறக்கினேன். எனக்குப் பின்னால் நின்ற காளிதாசன் ஹாரன் அடித்தார். காவலாளி பாவம், என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இனி 44-க்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஐசி அட்டையை வாசலில் கொடுக்கப் பயம்.

அனுமதி வாங்காமல் பொதுச் சாலையை அடைத்திருக்கிறீர்கள். நகராண்மைக் கழகத்துக்கு ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அதிகாரிக்கு, எந்த விதியின் கீழ் என்பது எனக்கு அத்துப்படி. அது போய்ச் சேர்ந்தால் பீப்பாய்களை லோரியில் அள்ளிக்கொண்டு போவார்கள். இன்னும் அனுப்பவில்லை. உம்முடைய ஏற்பாடு எவ்வளவு கோணல் என்பதற்கு ஒரு நல்ல சாட்சியம் கிடைக்கட்டும், அதையும் இணைத்து அனுப்புகிறேன். எனக்கு அவசரமில்லை.

ஷாமளா வழக்கம்போல் வருகிறாள். பின்சந்துக்கு இன்னும் நீர் கம்பம் போடவில்லை. நேற்று அவளுடைய பிரஷர் கூடுதலாக இருந்ததாம். மாத்திரையை விடாமல் போடச் சொல்லும்படி தர்மினி சொன்னாள். சொல்லிவிட்டேன்.

கிருபாநந்தன்

◆

அரசாங்க மருத்துவமனை
2 ஜூன் 2025

திரு. கிருபாநந்தன் அவர்களுக்கு,

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காளிதாசன் பார்க்க வந்திருக்கிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

சனிக்கிழமை உங்கள் வீட்டில் விழுந்த ஷாமளா இன்று காலையில்தான் கண் திறந்தாள். மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது என்று டாக்டர் சொல்கிறார். "ஷாமு, நான்தான் வந்திருக்கேன்" என்றேன். என்னையே பார்த்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு சத்தம் வந்தது. அது என் பெயரா என்று எனக்குத் தெரியவில்லை.

தர்மினி அக்கா பக்கத்தில் இருந்து எல்லாம் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் கும்பிடு போட வேண்டும். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது ஏன் 44 என்று சொன்னீர்கள்? அவள் என் மனைவி. அவள் வீடு 42. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். 42 என்று சொல்லியிருந்தால் கம்பம் அந்த நிமிடமே மேலே போயிருக்கும். வாசலில் என்ன நடக்கும் என்பது இந்தத் தாமானிலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பத்து வாரமாக நீங்கள்தானே தூக்கினீர்கள். தெரிந்தும் சொன்னீர்கள்.

என் மேல் இருக்கிற கோபத்தை அவள் மேல் காட்டிவிட்டீர்கள்.

புவனேஸ்வரன்

◆

எண் 44
5 ஜூன் 2025

திரு. புவனேஸ்வரன்,

உம்முடைய நிலைமைக்காக மூன்று நாள் பொறுத்தேன். இனிப் பதில் எழுதாமல் இருந்தால் பொய் நிலைத்துவிடும்.

முகவரி சொன்னது தர்மினி. விழுந்தவள் எந்த வீட்டில் கிடக்கிறாளோ அந்த வீட்டைச் சொன்னாள். பணம் கட்டிய வீடு எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நர்ஸ் வேலையில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன். 4.05, கையில் பிரஷர் பட்டியைச் சுற்றும்போதே ஷாமளாவின் வாய் கோணியது. 4.07, தர்மினி போன் செய்தாள். 4.31, ஆம்புலன்ஸ் பின்பக்கச் சாலைக்கு வந்தது. அங்கிருந்து என் வீட்டுக்கு ஒரு நிமிடம். வழியில் உம்முடைய சிமெண்ட் பீப்பாய்கள். குறுகிய சாலையில் பின்னுக்கு வந்து, பெரிய சாலையைச் சுற்றி, 4.41-க்கு முன்வாசல். காவலாளி சாவடியில் ஒட்டிய தாளைப் பார்த்தார். "ரூமா அம்பாட் அம்பாட், தா பாயார்." 44-ஆம் வீடு, பணம் கட்டவில்லை என்று. ஓட்டுநரிடம் ஐசி கேட்டார். ஓட்டுநர் கத்தினார். காவலாளி யாருக்கோ போன் செய்தார். கடைசியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் இறங்கி அவரைத் தள்ளிவிட்டுக் கம்பத்தைத் தூக்கினார்கள். என் வாசலுக்கு வரும்போது 4.50.

பத்தொன்பது நிமிடம்.

அந்த ஆம்புலன்ஸ் என் வரியிலும் உம் அப்பா குடித்த சிகரெட்டின் வரியிலும் ஓடுகிறது. வந்தவர்கள் ஷாமளா யார், யார் மனைவி, எவ்வளவு கட்டினாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிற்பகலில் அதைக் கேட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அதை வைத்தது நீர்.

கிருபாநந்தன்

◆

எண் 42
29 ஜூன் 2025

கிருபா அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது. அதில் காவலாளி யாருக்கோ போன் செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத்தான் செய்தார்.

கோத்தா கோலா மூடாவில் கல் இறக்கிக்கொண்டிருந்தோம். என்ஜின் சத்தம், வெயில், டிரைவரோடு சண்டை. "பாஸ், அம்பாட் அம்பாட்டுக்கு ஒரு வண்டி, தா பாயார், கத்துறாங்க" என்றார். உங்கள் வீட்டு எண்ணைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்ன வண்டி என்று கேட்கவில்லை. எதற்குக் கத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. "இக்குட் பெராத்துரான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சட்டப்படி செய். அவ்வளவுதான் சொன்னேன். வாய்க்குள் சிரித்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன் அண்ணே. கொஞ்ச நேரத்தில் ஷாமளாவின் போனிலிருந்து தர்மினி அக்கா பேசினார்கள்.

அந்தக் காவலாளியைக் கம்பெனி நிறுத்திவிட்டது. சங்கம்தான் புகார் கொடுத்தது. எனக்குப் போன் செய்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், யாரும் நம்பவில்லை. கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

பீப்பாய்களை எடுத்துவிடலாம் என்று அதே கூட்டத்தில் சொன்னேன். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் நாலு கை, எதிரில் முப்பத்தொன்று. காளிதாசன் எழுந்து, "தலைவரே, ஒங்க வீட்ல நடந்தது எல்லாருக்கும் வருத்தந்தான். அதுக்காக மறுபடியும் திருடன உள்ள விட்றதா? காசு கட்டாதவனுக்கு எதுக்குலா இவ்வளவு யோசிக்கணும்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை. பட்டியலைக் கிழிக்கவும் சம்மதிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் உள்ளே விட்டுவிட்டுப் பிறகு பெயர் பதியலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். நான் விலகிவிட்டேன். அன்றைக்கே புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், காளிதாசன்தான்.

ஷாமளாவைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்று விசாரித்தேன். முன்பணமாகக் கேட்டதற்கு ஒரு லோரியை விற்க வேண்டும். விற்கத் தயாராகத்தான் இருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற சத்தியசீலன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, அங்க போனாலும் இதேதான் செய்வாங்க, லோரிய வித்துடாதீங்க" என்றார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நான் அல்ல. ஆனாலும் எனக்காகப் பேசினார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் பின்சாலைக்கு வரவே இருபத்து நாலு நிமிடம் ஆனது. இன்னொரு வண்டி பழுதாகிக் கிடந்ததாம். அதை உங்கள் கணக்கில் நீங்கள் எழுதவில்லை. பத்தொன்பது நிமிடம் முன்னால் வந்திருந்தால் பேச்சு தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வழியாக அழுது முடித்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தாலும் சரி.

அண்ணே, அந்தப் புகாரை அனுப்பிவிடுங்கள்.

புவனேஸ்வரன்

◆

எண் 44
6 ஜூலை 2025

தம்பி புவனேஸ்வரன்,

தம்பி என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

புகாரைத் திங்கட்கிழமையே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்து படம் எடுத்து, சங்கத்துக்கு இரண்டு வாரக் கெடு வைத்து அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து நாள். மே மாதம் கொடுத்திருந்தால் மே மாதமே பீப்பாய்கள் போயிருக்கும். நான்தான் நல்ல சாட்சியத்துக்காகக் காத்திருந்தேன். கிடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. தர்மினி ஐந்து வாரமாக என்னோடு பேசவில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், வருகிறாள், சமைத்து மேசையில் வைக்கிறாள். நேற்று உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு ஒரே ஒரு வசனம் பேசினாள். "நீங்களே சொல்லுங்கோ, இல்லாட்டி நான் சொல்லுவன்."

அன்றைக்குப் போன் செய்து முடித்த உடனே அவள் என்னைப் பார்த்து, "கேற்றடியிலை போய் நில்லுங்கோவன். எங்கடை நம்பரைச் சொன்னா அவங்கள் மறிச்சுப்போடுவாங்கள்" என்றாள். "அரசாங்க ஆம்புலன்ஸை எவன் மறிக்கிறது? மறிக்கட்டும், பார்ப்பம்" என்றேன். வாசலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். இருபத்து நாலு நிமிடம் இருந்தது. பத்து வாரமாக மழையிலும் வெயிலிலும் தூக்கிய கம்பம், என் கைக்கு அதன் பாரம் தெரியும். முன்னாலேயே போய்த் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

பின்பக்கம் சைரன் கேட்டது. நின்றது. தூரம் போனது. முன்வாசலில் மறுபடி கேட்டது, அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நேரங்களை அவ்வளவு துல்லியமாக எப்படி எழுதினேன் என்று நீர் என்னைக் கேட்கவில்லை. தர்மினி ஷாமளாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போது, நான் முன்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பேனாவோடு, கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். 4.31 பின்சாலை. 4.41 முன்வாசல். புகாரோடு இணைப்பதற்கு.

விழுந்தவள் ஷாமளா என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் அவள் எனக்கு ஷாமளாவாகத் தெரியவில்லை. இதைவிட நல்ல மாதிரியாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வரியைப் பற்றி நான் எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. அது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு இனி எனக்கு முகமில்லை. இந்தக் கடிதத்தை ஷாமளாவிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உம் விருப்பம்.

கிருபாநந்தன்

◆

செர்டாங்
13 ஜூலை 2025

கிருபா அண்ணனுக்கு,

வியாழக்கிழமை ஷாமளாவை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இடது கையில் பென்சிலைக் கொடுத்து எங்கே போகலாம் என்று கேட்டேன். அக்கா என்று எழுதினாள். செர்டாங்கில் இருக்கிற அவள் அக்கா உமாராணி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். 42 பூட்டிக் கிடக்கிறது. இங்கே பக்கத்திலேயே அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் அழைத்துப் போனபோது, பயிற்சி இயந்திரம் வருவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சரி என்று உட்கார்ந்திருந்தோம்.

நேற்று உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். பாதியில் நிறுத்தப் பார்த்தேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முழுவதும் வாசித்தேன். நாற்காலி, பேனா, எல்லாம். பிறகு என் போன் விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். அதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது. சிரித்தேன் என்பதையும் சொன்னேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உமாராணி வந்து தேத்தண்ணீர் வைத்தாள், அதையும் தொடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஷாமு, ஒனக்கு யாரு மேல கோவம்? அவரு மேலயா, என் மேலயா?" என்று கேட்டேன்.

திரும்பாமலே இடது கையைத் தூக்கினாள். இரண்டு விரலைக் காட்டினாள், ஆளுக்கு ஒன்று.

புவனேஸ்வரன்